“குடிச்சிருந்தானா?” என்று மட்டும்தான் கேட்டார்கள்

விபத்து நடந்ததிலிருந்து என்னிடம் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான். “காரை ஓட்டுனவன் குடிச்சிருந்தானா?” 108-ல் வந்த தம்பி கேட்டார், ஆஸ்பத்திரியில் என் காலைத் தாங்கிப் பிடித்திருந்த நர்ஸம்மா கேட்டார், ஸ்டேஷன் ஏட்டு கேட்டார், சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்த என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். குடிக்கவில்லையாம் என்று சொன்னதும் எல்லார் முகமும் ஒரே மாதிரி இளகும். “அப்ப என்ன பண்றது, ஒனக்குப் போதாத நேரம்” என்று பேச்சு முடிந்துவிடும். குடிக்காத மனுஷன் பட்டப்பகலில் ஒருத்திமேல் காரை ஏற்றுகிறார் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்குமே என்று யாருக்கும் தோன்றவில்லை. காரணம் அவர் காதில் ஓடிக்கொண்டிருந்த போன் பேச்சு. அதை எப்படி நிரூபிப்பது, எதையெல்லாம் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லித்தர எனக்கு ஆள் இல்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில், மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, பையன் பள்ளிக்கூடம் போகிறான். படுத்த படுக்கையில் நானாகத் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். யாருக்காவது உதவும்.

எங்களுக்குக் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமம். மாசி பிறந்தால் எங்கள் பக்கத்துச் சாலைகள் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பா அறுவடை ஓடிக்கொண்டிருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள் என்பதால் சாலையில் ஒரு பாதியை அடைத்து நெல் காயும். ஓரத்தில் கருங்கல்லும் கருவைக் கொம்பும் வரிசையாக வைத்திருப்பார்கள். மிச்சப் பாதியில்தான் டவுன் பஸ், வைக்கோல் கட்டு ஏற்றின டிராக்டர், பள்ளிக்கூட வேன் எல்லாம் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போக வேண்டும். சாலையில் காயப்போடுவது சரியா என்றால் சரியில்லைதான். களம் இல்லாதவர்கள் எங்கே கொண்டுபோவார்கள் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் இந்தச் சாலைகளில் ஓட்டுகிறவருக்கு முழுக் கவனமும் வேண்டும் என்பது மட்டும் இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு வயலில் மிஷின் இறங்கியிருந்தது. அறுப்பைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்காக ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். வெண்ணாற்றங்கரையை ஒட்டி வருகிற சாலை. நெல் காய்ந்தது எனக்கு எதிர்ப்புறப் பாதியில். அந்தப் பக்கமாக வருகிற வண்டி நின்று, எதிரில் வருகிறவர்களைப் போகவிட்டு, பிறகு இந்தப் பாதிக்கு வந்து நெல்லைத் தாண்ட வேண்டும். ஒரு வெள்ளைக் கார் நிற்காமல் நேராக என் பாதிக்குள் வந்தது. எனக்கு இடது கைப்பக்கம் ஆற்றுச் சரிவு, ஒதுங்க இடமில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே வண்டியை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். கண்ணாடி வழியாக அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. தூக்கமில்லை, குனிந்திருக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது. என்னை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எப்படியும் பிரேக் போட்டுவிடுவார் என்று அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நம்பினேன்.

முழங்காலுக்குக் கீழே வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விழுந்து கிடந்தபோது வலியே தெரியவில்லை, காது மட்டும் நன்றாகக் கேட்டது. அவர் கதவைத் திறந்து இறங்கினார். காதில் சின்னதாக ஒரு கருவி, அதில் நீல வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. என்னைப் பார்த்துப் பதறிக்கொண்டே, “சார், ஒரு நிமிஷம் சார், இங்க ஒரு பிரச்சனை ஆயிடுச்சு, அப்பறம் கூப்புடுறேன்” என்றார். அதுவரைக்கும் அந்தப் பேச்சு அறுந்திருக்கவில்லை. நெல் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா ஓடிவந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “தனக்குத்தானே பேசிச் சிரிச்சிக்கிட்டே வந்தாம்மா இவன், நான் கையக் கையக் காட்டுறேன், ஏறிட்டே வர்றான்” என்று கத்தினார். இந்த இரண்டு வாக்கியங்கள்தான் பின்னால் என் வழக்குக்கு முதுகெலும்பாக நின்றன. அப்போது எனக்கு அது தெரியாது. நீங்கள் அப்படிக் கிடக்கும்படி நேர்ந்தால், அல்லது அப்படிக் கிடக்கிறவர் பக்கத்தில் நின்றால், ஓட்டியவர் இறங்கியதும் என்ன சொன்னார், காதில் கையில் என்ன இருந்தது, யார் பார்த்தார்கள் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் கதை மாறிவிடுகிறது.

108 வந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எனக்குத் தெரியாமலே இரண்டு தவறு நடந்தது. என்கூட வண்டியில் ஏறி வந்தவர் யாரோ வழிப்போக்கர், நல்ல மனுஷர், ஆனால் நடந்ததைப் பார்க்காதவர். டாக்டர் கேட்டபோது “ஸ்கூட்டியிலேருந்து விழுந்துட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது. ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்கள். மாதக்கணக்கில் கழித்து இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு “அந்தம்மா தானா விழுந்ததா எழுதியிருக்கே” என்று நின்றார். அதனால் சொல்கிறேன், மயக்கம் போடுகிற வலியிலும் டாக்டரிடம் “கார் மோதிச்சு” என்கிற இரண்டு சொல்லை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் கூட வந்தவர் யார், அவர் என்ன சொன்னார் என்று அடுத்த நாளே கேட்டு, தவறாக இருந்தால் எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று பணம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. தொடங்கும்போது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருக்க வேண்டும் என்பதில்லை, எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளோடு திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும். சேராத இடத்துக்குப் போனால் கிடைக்காது. என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் “அங்க நல்லா பாப்பாங்க” என்று தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். நான் ஊசி மயக்கத்தில் இருந்தேன். தகடு வைத்து ஆபரேஷன் முடிந்து, பணம் கட்டுகிற இடத்தில் மாமியார் கேட்டபோது, இங்கே அந்தத் திட்டமெல்லாம் கிடையாது என்றார்கள். 1,70,000 ரூபாய் ஆனது. வீட்டில் இருந்த நகையை அடகு வைத்துக் கட்டினோம். அதன்பிறகு மருந்து, கட்டு மாற்றுவது, பிசியோதெரபி, ஆட்டோ என்று இன்னும் 40,000-க்குக் குறையாது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வரிசை போட்டு விற்க ஆள் இல்லாமல், களத்துக்கே வந்த வியாபாரிக்கு மூட்டைக்கு 200 ரூபாய்க்கு மேல் குறைத்துத் தள்ளிவிட்டோம். அடுத்து வந்த குறுவைக்கு நாற்றங்கால் பக்கம் நான் போகவே இல்லை. ஆக, மாற்றுகிறதாக இருந்தால் ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் “48 மணி நேரத் திட்டத்துல இருக்கீங்களா” என்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். ஒரு போன்தான்.

போலீஸில் வாக்குமூலம் வாங்க வார்டுக்கே வந்தார்கள். அந்த ஏட்டு மரியாதையாகத்தான் பேசினார். காரை ஓட்டியவரை ஊதச் சொல்லிப் பார்த்தார்களாம், ஒன்றும் காட்டவில்லையாம். “குடிக்கிற ஆள் இல்லம்மா, குடும்பஸ்தரு, கவுர்மெண்ட் வேலை பாக்குறாரு” என்றார். போனில் பேசிக்கொண்டு வந்தார் சார் என்று சொன்னேன். “கையிலயா வச்சிருந்தாரு?” என்று கேட்டார். காதில் என்றேன். “அது ஹேண்ட்ஸ் ஃப்ரீம்மா, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது” என்று பேனாவை மூடினார். அன்று ராத்திரி முழுக்க எனக்கு அழுகை. முறிந்த காலை நினைத்துக்கூட இல்லை, பேனாவை மூடினாரே அதை நினைத்துத்தான். ஒருவேளை அவர் ஒரு குவார்ட்டர் அடித்துவிட்டு வந்து இடித்திருந்தால் இந்தக் காலுக்கு நியாயம் கிடைத்திருக்குமோ என்றுகூடத் தோன்றியது. அப்படி நினைக்க வைத்ததுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். குடியையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேடினால், நன்றாகவே அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்கிற உளவியல் பேராசிரியரும் இன்னும் இருவரும் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. 40 பேரைக் கார் ஓட்டுவது போன்ற சிமுலேட்டரில் உட்கார வைத்து, முன்னால் ஒரு காரை விட்டு, அது அவ்வப்போது பிரேக் போடும்படி செய்தார்கள். அதே ஆட்களையே சும்மா ஓட்டவிட்டு, கையில் போனோடு ஓட்டவிட்டு, ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசியபடி ஓட்டவிட்டு, பிறகு இரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால் ஏறும் அளவு குடிக்க வைத்தும் ஓட்டவிட்டார்கள். போன் பேசியவர்கள் பிரேக்கை மிதிக்க 9 சதவீதம் தாமதம் ஆனது. பிரேக் போட்டபின் பழைய வேகத்துக்குத் திரும்ப 19 சதவீதம் தாமதம். முன் காரோடு விட்டிருந்த இடைவெளி சீராக இல்லாமல் கூடிக் குறைந்தது. குடித்தவர்கள் வேறு மாதிரி கெட்டார்கள், முன் காரை ஒட்டிப்போனார்கள், பிரேக்கை ஓங்கி மிதித்தார்கள். முன் காரின் பின்பக்கம் போய் மோதியவர்கள் மூன்று பேர், மூவரும் போன் பேசிக்கொண்டிருந்தவர்கள். குடித்து ஓட்டியபோது ஒருவரும் மோதவில்லை. கையில் பிடித்துப் பேசியதற்கும் ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசியதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் குடித்து ஓட்டுவது தேவலை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஆய்வில் பகல் நேரம், தூக்கக் கலக்கம் இல்லாத ஆட்கள், ஒரு குறிப்பிட்ட அளவு. எங்கள் ஊரில் டாஸ்மாக்கிலிருந்து ராத்திரி கிளம்புகிறவர்கள் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. குடித்தவனுக்கு மணிக்கணக்கில் தெளியாது, போன் பேசுகிறவர் பேச்சை விட்டால் தெளிந்துவிடுவார். அதிலும் உடனே இல்லை. 2015-ல் அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கான ஏஏஏ அறக்கட்டளைக்காக இதே ஸ்ட்ரேயர் குழு, வண்டிக்குக் குரலால் கட்டளை கொடுப்பவர்களைச் சோதித்தபோது, வேலை முடிந்த பிறகும் மனம் முழுசாகச் சாலைக்குத் திரும்ப 27 நொடி வரை ஆனதைக் கண்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடி என்றால் 450 மீட்டர். அவ்வளவு தூரத்தில் எங்கள் பக்கம் இரண்டு மதகும் ஒரு பஸ் ஸ்டாப்பும் வந்துவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். அங்கே சோதித்த 0.08 சதவீதம் என்பது 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம். நம் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வரம்பு 30 மில்லிகிராம்தான். அதாவது நம் வரம்பைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலான போதையோடு வைத்துத்தான் போனை ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் போதையில் இங்கே பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போனுக்கு 184-வது பிரிவு. 2019 திருத்தத்தில் அபாயகரமாக ஓட்டுவதன் கீழ் கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புக் கருவியையும் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் முதல் தடவை பிடித்தால் 1,000 ரூபாயோடு அனுப்பிவிடுகிறார்கள். காதில் மாட்டியிருந்தால் அந்த வார்த்தைக்குள் வரவே வராது என்பதுதான் ஏட்டு சொன்னதன் அர்த்தம். ஆனால் அங்கேயே முடிந்துவிடவில்லை. கவனக்குறைவாக ஓட்டியதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, கொடுங்காயம் ஏற்பட்டதற்கு 125 என்று பிரிவுகள் இருக்கின்றன. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலும் கேள்வி ஓட்டியவர் கவனக்குறைவாக இருந்தாரா என்பதுதான். கையிலா காதிலா என்பது அங்கே பெரிய விஷயமில்லை. கவனம் எங்கே இருந்தது என்று காட்ட வேண்டும், அவ்வளவே.

அதைக் காட்ட எனக்கு வழி கிடைத்தது இன்னொரு பழைய ஆய்வில். 1997-ல் கனடாவின் டொராண்டோவில் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்கிற இருவர், போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 பேரின் போன் பில்களை வாங்கி, விபத்து நடந்த நேரத்தோடு ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். போன் பேசும்போது மோதும் ஆபத்து ஏறக்குறைய நாலு மடங்கு, சட்ட வரம்பு அளவுக்குக் குடித்திருப்பவரின் ஆபத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று எழுதினார்கள். அதைப் படித்ததும் எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. அவர்கள் 699 பேருக்குச் செய்ததை என் ஒருத்திக்குச் செய்தால் போதுமே. மூச்சில் இருந்த சாராயம் சில மணி நேரத்தில் போய்விடும், போன் பேசிய கணக்கு அப்படிப் போகாது. தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு விவரங்களைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியையே மாற்றியிருக்கிறார்கள். அந்த விவரத்தை நீங்களோ நானோ கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. போலீஸோ நீதிமன்றமோ கேட்டால் வரும்.

விபத்து நடந்த நேரத்தை நிமிஷக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று யோசித்தபோதுதான் 108 நினைவுக்கு வந்தது. நான் விழுந்த உடனே யாரோ 108-ஐ அழைத்தார்கள். அந்த அழைப்பு வந்த நேரம் அவர்களிடம் பதிவாகியிருக்கும். அந்த நேரத்தையும் அவருடைய அழைப்பு விவரத்தையும் பக்கத்தில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். இதை ஒரு பக்க மனுவாக எழுதினேன். ‘விபத்து நேரத்தில் ஓட்டுநர் அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், இன்னார் பார்த்தார், ஆகவே அவருடைய அழைப்பு விவரங்களையும் 108 அழைப்பு நேரத்தையும் விசாரணையில் சேர்க்க வேண்டுகிறேன்’ என்று நாலைந்து வரிதான். ஸ்டேஷனில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வரச் சொல்லித் தம்பி முறை பையன் ஒருவனை அனுப்பினேன். முத்திரை போடத் தயங்கினார்கள். அதே மனுவைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, ஸ்டேஷனுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது, அந்த ஒப்புகை அட்டை வந்த பிறகுதான் விசாரணை அதிகாரி போனில் கூப்பிட்டுப் பேசினார். எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டியது, கேட்டு வாங்குங்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் போலீஸ் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கை போவதற்கு முன்னால் உங்கள் மனு அவர்கள் கோப்பில் இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

கேமராவையும் விடாதீர்கள். நான் விழுந்த இடத்துக்கு முன்னால் ஒரு உரக்கடை வாசலில் கேமரா உண்டு. கார் அதைத் தாண்டித்தான் வந்திருக்கும். நான் ஆள் அனுப்பியபோது பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிட்டது என்றார் கடைக்காரர். இந்தக் கேமராக்கள் சில நாள், சில வாரம்தான் வைத்திருக்கும். அந்த விஷயத்தில் எனக்கு ரொம்பவே மனசு விட்டுப்போனது. சாட்சிக்கு அந்த நெல் துழாவின பெரியம்மா இருந்தார். முதலில் “கோர்ட்டுக்கெல்லாம் என்னைய இழுத்துவிட்டுடாத ஆயி” என்று பயந்தார். உதவி செய்தவரைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ பெயர், முகவரி கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 திருத்தத்தில் வந்த 134-ஏ பிரிவின்கீழ் விதி இருப்பதைப் படித்துச் சொன்னேன். இஷ்டப்பட்டால் மட்டும் வாங்க பெரியம்மா என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்து, “நான் பாத்தத நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா” என்று திண்ணையில் உட்கார்ந்தார்.

நடுவில் சமாதானம் பேச ஆள் வந்தார்கள். ஊராட்சி முன்னாள் தலைவர், இன்னும் இரண்டு பெரியவர்கள், பழப்பையோடு அந்தக் கார்க்காரர். “கோர்ட்டு கேஸுன்னு பொம்பளப்புள்ள தனியா அலையாதம்மா, 25,000 தர்றாரு, வாங்கிட்டு ஒரு கையெழுத்தப் போட்டுடு” என்றார் தலைவர். அந்தத் தொகை மருந்துக் கடைக்கே போதாது. அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது கார்க்காரர் சொன்னது. “சத்தியமா நீங்க எங்கேருந்து வந்தீங்கன்னே தெரியலம்மா. நான் ரோட்டப் பாத்துத்தான் ஓட்டுனேன்.” பொய் சொல்கிறார் என்று நினைத்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தவராயிற்றே. பிறகுதான் ஸ்ட்ரேயர் குழு 2003-ல் செய்த இன்னொரு சோதனையைப் படித்தேன். ஓட்டுகிறவர்களின் கண் எங்கே பார்க்கிறது என்று கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். போனில் பேசியபடி ஓட்டியவர்களின் கண் சாலையோர விளம்பரப் பலகைமேல் நேராகப் பதிந்திருந்தும், பின்னால் கேட்டபோது அதைப் பார்த்த நினைவு அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. கண் பார்க்கிறது, மனம் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது உண்மைதான் என்று இப்போது எனக்குத் தெரியும். உண்மை என்று தெரிந்ததும் கோபம் குறையவில்லை, ஆனால் கோபம் ஆள்மேல் இருந்து அந்தப் பழக்கத்தின்மேல் போய்விட்டது. நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர் என்பது என் காலைக் காப்பாற்றவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. நஷ்டஈடு அவர் கைக்காசிலிருந்து வருவதில்லை, வண்டிக்குக் கட்டாயமாக எடுத்திருக்க வேண்டிய மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலிருந்து வருவது என்பதைப் பெரியவர்களிடம் சொன்னபோது அவர்களுக்கே அது புதுசாக இருந்தது. ஆகவே மனிதாபிமானம் பார்த்து வழக்கை விட வேண்டிய அவசியமில்லை, அவரும் அதனால் கெட்டுப்போக மாட்டார். மனுவைத் தீர்ப்பாயத்தில் போட விபத்து நடந்து ஆறு மாதம் என்று 166-வது பிரிவில் கெடு வைத்திருக்கிறார்கள், கால் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். விபத்து நடந்த இடம்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் எல்லையில் உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். வார்டுக்கே தேடி வந்து வெற்றுத் தாளில், வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் தரகர்களிடம் எதுவும் கொடுக்காதீர்கள். எனக்கும் ஒருவர் வந்தார், என் பெயர்கூட அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. விவசாயம் செய்கிற பெண்களுக்கு இன்னொரு சிக்கல், வருமானத்துக்குச் சான்று என்ன என்று கேட்பார்கள், ‘வீட்டு வேலை’ என்று எழுதிக் குறைத்துவிடப் பார்ப்பார்கள். எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமக் கணக்கான அடங்கல், போன வருடங்களில் கொள்முதல் நிலையத்தில் கொடுத்த ரசீது, பணம் ஏறின பாஸ் புத்தகம், உரக்கடை பில் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். நான் வயலைப் பார்க்கிறவள் என்பதை அந்தக் காகிதங்கள்தான் சொல்லின. ஆட்டோவுக்குக் கொடுத்த 150 ரூபாய்க்குக்கூடத் தேதி போட்டு ஒரு துண்டுச் சீட்டு வாங்கினேன்.

காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிசியோதெரபிக்குப் போய்வரும்போது மச்சினர்தான் காரில் கூட்டிப்போவார். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் போவோம். எதிரே பஸ் வந்தால், வளைவு வந்தால், நானாகவே பேச்சை நிறுத்திவிடுகிறேன், “மாடு நிக்குது பாருங்க” என்று சொல்கிறேன். போனில் அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. சாலையில் நெல் காய்வதோ எதிரில் ஸ்கூட்டி வருவதோ தெரியாமல் அவர் பேசிக்கொண்டே இருப்பார், இவரும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அவரோடு பேசிய அந்த ‘சார்’ யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கும் நான் இப்படிக் கிடந்தது தெரிந்திருக்காது. இப்போது யாருக்குப் போன் போட்டாலும் “வண்டி ஓட்டிக்கிட்டா இருக்கீங்க?” என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆமாம் என்றால் வைத்துவிடுவேன். கோவித்துக்கொண்டவர்களும் உண்டு.

அழைப்பு விவரம் கடைசியில் வந்தது. 108-க்குப் போன அழைப்புக்குப் பல நிமிஷம் முன்னாலேயே அவர் பேச ஆரம்பித்திருக்கிறார், அந்த 108 அழைப்பு பதிவாவதற்குச் சற்று முன்னால்தான் பேச்சு முடிந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் ‘தானாக விழுந்தார்’ என்பதைப் பெரிதாக எடுக்கவில்லை, இப்போது தொகையைக் குறைப்பது பற்றித்தான் வாதாடுகிறார். ஊனத்தின் அளவைச் சொல்லும் மருத்துவக் குழுச் சான்று வாங்கியாகிவிட்டது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. காலில் இருக்கும் தகட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது, அந்தச் செலவுக்கு டாக்டரிடம் மதிப்பீடு எழுதி வாங்கி அதையும் சேர்த்துத் தாக்கல் செய்யச் சொல்லியிருக்கிறார் வக்கீல். உங்களுக்கும் தகடு வைத்திருந்தால் அந்த மதிப்பீட்டைத் தீர்ப்புக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.